எண்ணூற்றுப் பதினோராவது கால்

பதினோரு மாதமாக மலையிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. மற்றவர்களுக்கு அது பெருமையாக இருந்தது. எனக்கு நம்பிக்கையாக இல்லை.

என் பெயர் வசந்தாமணி. கோயம்புத்தூரில், சின்னியம்பாளையம் தாண்டி இருக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் பம்பில் தொடங்கி எத்தனையோ பார்த்துவிட்டேன். புகார் சொல்லாத இயந்திரத்தை மட்டும் பார்த்ததில்லை. என் வீட்டில் இருப்பது மூன்றே பேர். காலை எட்டு மணிக்குள் பத்துப் புகார் வந்துவிடும். மலை மேல் எங்கள் சரக்கு ஆயிரத்து எழுநூற்று இருபத்திரண்டு நிற்கிறது, எலும்பை உறைய வைக்கும் குளிரில். அதில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் வரவில்லை.

சரக்கின் பெயர் ஆக்சுவேட்டர். பட்டறையில் நாங்கள் அதைக் கால் என்போம். லடாக்கில் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடி முப்பது மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரே துண்டாக யாராலும் வார்க்க முடியாது. ஐந்நூற்று எழுபத்து நான்கு அறுகோணத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, எல்லாம் சேர்ந்து ஒரே கண்ணாடி என்று நடிக்க வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எங்கள் கால்கள் மூன்றின் மேல் நிற்கிறது. காற்று அடித்தாலும் குளிர் கூடினாலும் துண்டுகள் கொஞ்சம் பிசகும். உடனே கால் ஏற்றி இறக்கிச் சரியாக வைக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றால், ஒரு தலைமுடியைப் பத்தாயிரமாகப் பிளந்தால் கிடைக்கிற அளவு.

இத்தனை கால்களையும் ஒரே கணினி உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருக்க வேண்டாம், கால்களே தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டும் என்பது எங்கள் யோசனை. அதனால்தான் இந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது. திட்ட ஆவணத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு கால் தளர்ந்தால் அருகிலுள்ள கால்கள் ‘அட்ஜஸ்ட்’ செய்ய வேண்டும். அந்த ஒரு வரிக்கு நிரல் எழுதியவள் நான்.

அது எனக்குத் தோன்றியதே பேருந்தில்தான். காந்திபுரத்திலிருந்து சூலூர் போகிற வண்டியில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நாலாவதாக ஒரு அம்மா வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க கண்ணு” என்றார். ஆளுக்கு ஓர் அங்குலம் நகர்ந்தோம். கண்டக்டரிடம் போய் யாரும் முறையிடவில்லை. அதை அப்படியே எழுதினேன். பக்கத்துக் கால் திணறினால் அதன் பாரத்தில் கொஞ்சம் நீ வாங்கிக்கொள். உனக்கு அதிகமானால் உன் பக்கத்தில் இருப்பதற்குக் கொஞ்சம் தள்ளு. கண்ணாடி நேராக இருக்கிறவரைக்கும் மேலே எதுவும் சொல்லாதே. சோதனையில் அபாரமாக வேலை செய்தது. எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள்.

ஜனவரி இரண்டாம் தேதி, யாருமே பார்க்காத ஒரு கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு காலும் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கு அது. திரையில் கண்ணாடியின் நிலை மட்டும்தான் தெரியும். அது பச்சையாகத்தான் இருந்தது. மின்சாரமோ, நடுப்பகுதியில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருந்தது. முதலில் ஆறு கால்கள், பிறகு இருபது, இப்போது நூற்று எண்பத்து மூன்று. எல்லாமே தம் சக்திக்கு மீறிச் சுமந்துகொண்டிருந்தன. அந்தக் கணக்கை அப்படியே அச்செடுத்தேன்.

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நிர்வாகி குப்புராஜ் சாரின் அறைக்கு ஓடினேன். நல்ல மனிதர். ஆனால் கெட்ட செய்தியைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

“எல்லாம் பச்சையாத்தானே இருக்குது அம்மணி? அப்புறம் எதுக்கு இந்தப் பதட்டம்?” என்றார்.

“பச்சைங்கறது கண்ணாடி நேரா இருக்குதுன்னுதானுங்க சார் அர்த்தம். காலு எப்படி இருக்குதுன்னு அது சொல்லாதுங்க.”

“சரி, சொமக்குது. சொமக்கட்டும். அதுக்குத்தானே செஞ்சோம்?”

“ஒவ்வொரு காலுக்கும் ஒரு எல்லை இருக்குதுங்க சார். அதைத் தாண்டுனா மோட்டாரு கருகிடக் கூடாதுன்னு பிடியை விட்டுரும். ஒண்ணு விட்டா அதோட பாரம் பக்கத்துக் காலுக்குப் போகும். அதுவும் எல்லையில நிக்குது, அதுவும் விட்டுரும். அப்புறம் வரிசையா எல்லாமே. அறுபத்தியொரு கண்ணாடி, ஒவ்வொண்ணும் நூத்தைம்பது கிலோ. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற சந்து ரெண்டரை மில்லிமீட்டருங்க. ஒண்ணோட ஒண்ணு இடிச்சுச் சிதறுனா…”

“எப்பங்கறே?”

“ஒம்பது நாளு. மிஞ்சிப் போனா பதிமூணு.”

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். இருபதாம் தேதி தொலைநோக்கிக்குத் திறப்பு விழா. டெல்லியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். “இருபது வரைக்கும் எப்படியாச்சும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் அம்மணி. அதுக்கப்புறம் பிரிச்சு மேஞ்சுக்கலாம்” என்றார்.

“அடியில தாகிர் இருக்கானுங்க சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

தாகிர் எங்கள் ஆள். கோயம்புத்தூரிலேயே கரும்புக்கடைப் பகுதிக்காரன், வயது முப்பத்தொன்று. பொருத்தி முடித்த கால்களைப் பார்த்துக்கொள்ளப் போன பிப்ரவரித் தொடக்கத்தில் அவனையும் ஸ்டீபனையும் மலைக்கு அனுப்பினோம். மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஒருவன், இரண்டு மாதம் ஒருவன் என்று ஏற்பாடு. ஆறாம் நாளே ஸ்டீபனுக்கு மூச்சுத் திணறல் வந்து, அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ‘நான் பாத்துக்கறேன், அவன் ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று தாகிர் சொன்னான். அதிலிருந்து அவனே பார்த்துக்கொள்கிறான். பக்ரீத்துக்கு வந்தவன்கூட ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டான். தினமும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கண்ணாடிக்கு அடியிலுள்ள எஃகுச் சட்டத்துக்குள் தவழ்ந்து போய்க் கால்களைத் துடைத்துப் பார்ப்பது அவன் வேலை. அவனை அங்கே அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

உடனே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

“தாகிர், நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேன்க்கா. சொல்லுங்க.”

“இன்னிக்கு அடியில போனியா?”

“இப்பத்தான் வெளிய வந்தேன்.” இருமினான். “சளிக்கா. இங்க எல்லாருக்கும் இருக்கு.”

“நான் சொல்ற வரைக்கும் நீ அடியில போகக் கூடாது. யாரையும் விடவும் கூடாது.” விஷயத்தைச் சொன்னேன்.

“அப்படியா! வெளிய ஒண்ணுமே தெரியலியேக்கா. எல்லாம் ஜம்முனு நிக்குது” என்றான்.

குப்புராஜ் சாரிடம் கேட்காமல், திட்டத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு நேராகவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று வீரமாக நினைத்ததெல்லாம் பொத்தானை அழுத்துகிறவரைக்கும்தான். அழுத்திய பிறகு கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் அந்த மனிதரே அழைத்தார். பெயர் ஆர்வோ, பின்லாந்துக்காரர். ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசுவார்.

“அந்தக் கால்கள் ஏன் நமக்குத் தகவல் சொல்லவில்லை? அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறோமே” என்றார்.

“அட்ஜஸ்ட் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் சொல்லவில்லை” என்றேன்.

“புரியவில்லை. அட்ஜஸ்ட் என்றால் சரிசெய்வது. தளர்ந்த காலைக் கண்டுபிடித்து, சொல்லி, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நீங்கள் என்ன எழுதினீர்கள்?”

இருபத்திரண்டு வருட ஆங்கிலத்தில் தேடியும் அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. “பொறுத்துக்கொள்வது” என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

“யார் யாரைப் பொறுத்துக்கொள்வது?”

“எல்லாரும் எல்லாரையும்.”

அவர் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, “இதில் எந்தக் கால் முதலில் கெட்டது?” என்று கேட்டார். சரியான கேள்வி. நூற்று எண்பத்து மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும்போது, உண்மையில் நோயாளி யார் என்று எப்படிச் சொல்வது? தெரியாமல் உதவியை நிறுத்தச் சொன்னால், கெட்டுப்போன காலின் மேல் மொத்தப் பாரமும் ஒரேயடியாக விழும். மேலேயிருந்து கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றால், கொக்கி பட்ட அதிர்விலேயே எல்லாம் பிடியை விட்டுவிடலாம். வழி ஒன்றுதான் இருந்தது. யாராவது அடியில் போய், ஒவ்வொரு கண்ணாடிக்கும் மூன்று இடத்தில் எஃகு முட்டுக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாக என்று தெரிந்து பயிற்சி எடுத்தவன் மலையில் ஒருவன்தான் இருந்தான்.

ஆர்வோ விழாவைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். குப்புராஜ் சார் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. தாகிரிடம் நானே கேட்டேன். ‘உனக்கு விருப்பமில்லேன்னா போக வேண்டாம்’ என்று ஒப்புக்குச் சொன்னேன். “வேற யாருக்கா இருக்கா?” என்றான்.

நான்கு நாள் வேலை. தினமும் காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் தவழ்கிற சத்தமும் முட்டுக்கட்டை உரசுகிற சத்தமும் அவன் மூச்சும் மட்டும் கேட்கும். ஒரு முட்டுக்கட்டையை நிறுத்தி முடித்ததும் எண்ணைச் சொல்வான். நான் குறித்துக்கொள்வேன். மின்சாரக் கணக்கு ஒரு புள்ளி ஏறினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன். அடிக்கடி “நல்லாருக்கியா தாகிர்?” என்று கேட்பேன். “நல்லாருக்கேன்க்கா” என்பான். மூன்றாம் நாள் மத்தியானம், எழுநூற்றுச் சொச்சம் எண்ணுள்ள ஒரு கால் ‘ணங்’ என்று பிடியை விட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, “வெளிய வா! வெளிய வாடா!” என்று கத்தினேன். மொத்தப் பிரிவும் திரும்பிப் பார்த்தது.

“முட்டு தாங்கிருச்சுக்கா” என்றான் தாகிர் மெதுவாக. “கத்தாதீங்க. காது வலிக்குது.”

நான்காம் நாள் கடைசி முட்டும் நின்றது. அவன் வெளியே வந்த பிறகு, இங்கிருந்தே ஒவ்வொரு காலாகச் சுமையை விடச் சொன்னேன். சுமையை விட்ட காலைத் தனியாகச் சோதித்தேன். முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று போனது. கெட்ட கால் எங்கோ கடைசியில் ஒளிந்திருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூற்று எண்பத்து மூன்றாவதும் நன்றாகவே இருந்தது. பிடியை விட்டதுகூட எல்லை மீறியதால் விட்டதுதான். அதற்கு ஒரு குறையும் இல்லை.

அதாவது, எதுவுமே கெட்டிருக்கவில்லை.

பழைய பதிவுகளைத் தோண்டினேன். போன பிப்ரவரியில் ஒரு நாள் அதிகாலையில், எண்ணூற்றுப் பதினோராவது கால், எண்ணெய் குளிரில் உறைந்துபோய்ப் பதினோரு நிமிடம் திணறியிருக்கிறது. உதவி கேட்டிருக்கிறது. சுற்றியிருந்த ஆறும் ஓடி வந்து பாரத்தை வாங்கிக்கொண்டன. வெயில் வந்ததும் அது சரியாகிவிட்டது. ஆனால் உதவிக்கு வந்தவை விடவில்லை. அது தன் பங்குக்கு மேலே தள்ள, இவையும் தள்ள, கண்ணாடி தூக்கிக்கொள்ளாமல் இருக்க அடுத்த வரிசை கீழே இழுக்க, அதைச் சமாளிக்க அதற்கடுத்த வரிசை. பதினோரு மாதம் ஒன்றின் உதவியை இன்னொன்று தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ‘கொஞ்சம் பிடி’ என்பதற்கு நான் நிரல் எழுதியிருந்தேன். ‘போதும், விடு’ என்பதற்கு எழுதவில்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன். குப்புராஜ் சார் ஓடி வந்து, “நாந்தான் அப்பவே சொன்னேனே, ஒண்ணுமில்லேன்னு” என்று எல்லாருக்கும் டீ சொன்னார். ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். நான்கு நாளில் முதல்முறையாக எனக்குப் பசித்தது. கேன்டீனுக்குப் போனேன்.

அங்கே ஸ்டீபன் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தினமும் பார்க்கிற ஆள்தான். நல்ல நிறத்தோடு, கன்னம் உப்பி, கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். நான் தட்டோடு அவன் எதிரில் நின்றுவிட்டேன்.

“ஸ்டீபா, உனக்கு மூச்சு எப்ப சரியாச்சு?”

“அதுங்களாக்கா? கீழ வந்து பத்தாம் நாளே டாக்டரு சரின்னுட்டாரு. மெதுவாப் பழக்கிட்டு ஏறுனா ஒண்ணும் ஆகாதுன்னாரு. ஏப்ரல்ல நீங்க கூப்புடுவீங்கன்னு பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தேன்.”

“அப்புறம் ஏன் போகல?”

“யாரும் போகச் சொல்லலீங்களேக்கா. ஆபீஸ்ல கேட்டதுக்கு, தாகிர் சமாளிச்சுக்கறான், நீ உடம்பப் பாருன்னாங்க.” அவன் முகம் மாறியது. “ஏனுங்க்கா?”

தட்டை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. கேன்டீன் வாசலிலேயே நின்று தாகிரை அழைத்தேன். நீண்ட நேரம் மணி அடித்துத்தான் எடுத்தான்.

“தாகிர், நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேன்க்கா. டீ குடிச்சீங்களா?”

“விரல்ல மாட்டற கிளிப் ஒண்ணு குடுத்திருப்பாங்கல்ல, ஆக்சிஜன் பாக்கறது. அதை மாட்டு. எவ்வளவு காட்டுதுன்னு படி.”

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? படுத்திருக்கேன்.”

“படிடா!”

ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. நான்கு நாளாக என் காதிலேயே இருந்த அதே மூச்சு. நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் முட்டுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

“அறுபத்தி நாலு” என்றான்.

எண்பதுக்குக் கீழே இறங்கினால் ஆளைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று எங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. என் பின்னாலேயே ஓடி வந்திருந்த ஸ்டீபன், என் முகத்தைப் பார்த்ததும் தன் ஃபோனை எடுத்து மலை முகாமின் டாக்டரைக் கூப்பிட ஆரம்பித்தான்.

“எத்தனை நாளா இப்படி?”

“எழுபதுக்குக் கீழ போயி மூணு வாரம் இருக்கும்க்கா. கால் ரெண்டும் வீங்கிருச்சு. ஷூ உள்ள ஏற மாட்டேங்குது, லேஸை உருவிட்டுத்தான் அடியில போயிட்டு வந்தேன். முட்டு வேலை முடியட்டும்னு பாத்தேன்.”

“ஏன்டா சொல்லல?” எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “தினமும் கேட்டேனேடா! அடியில இருந்தப்பக்கூட மணிக்கு நாலு தடவை கேட்டேனே!”

அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“நீங்க நல்லாருக்கியான்னுதானேக்கா கேட்டீங்க” என்றான்.